குடியை நிறுத்தியவரின் மூளை தேறும் வரை: வீட்டிலிருந்து செய்யக்கூடியவை

என் அண்ணன் குடியை நிறுத்திய மூன்றாவது வாரத்தில், மாத்திரை வாங்கக் கடைக்குப் போனவர் மருந்துச் சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்தார். அதற்கு முந்தைய நாள்தான், மருத்துவர் மறுபடி வரச் சொன்ன தேதியை மூன்று பேரிடம் மூன்று விதமாகச் சொல்லியிருந்தார். அவர் மீண்டும் குடிக்கத் தொடங்கிவிட்டார் என்றே வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினோம். அம்மா அருகில் போய் அவர் வாயை மோந்து பார்த்தார். அவர் குடித்திருக்கவில்லை. பல ஆண்டு மதுவிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த மூளை இன்னும் தேறவில்லை என்பதே உண்மை. அது எங்களுக்குப் புரிய மேலும் இரண்டு மாதங்களும் ஒரு பெரும் சண்டையும் ஆயின. அந்த இரண்டு மாதங்களை இன்னொரு குடும்பம் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இனி குடிப்பதில்லை என்று சத்தியம் செய்கிற மூளையும், அந்தச் சத்தியத்தை மாலை ஆறு மணிக்கு நினைவில் வைத்துக் காக்க வேண்டிய மூளையும் ஒன்றுதான், அதுவே காயம்பட்டிருக்கிறது. எனவே முதல் சில மாதங்களுக்கு, குடிக்காமல் இருக்கும் பொறுப்பை அவருடைய மனவுறுதியின் மேலும் நினைவாற்றலின் மேலும் மட்டும் ஏற்றாமல், நோட்டுப் புத்தகம், நடந்து வரும் தெரு, சாப்பாட்டு நேரம், உடன் இருக்கும் மனிதர்கள் ஆகியவற்றின் மேல் பகிர்ந்து வைக்க வேண்டும். காயம் ஆறுவதற்கான முதன்மையான மருந்தும் குடிக்காமல் கழிகிற நாட்களே ஆகையால், இவை இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

நிறுத்தும் முதல் வாரம்

நாள்தோறும் நிறையக் குடித்து வந்தவர், மருத்துவரைப் பார்க்காமல் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தானது. கடைசிக் குடிக்குப் பின் சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை, இல்லாதவற்றைக் காண்பதும் இடம் காலம் தெரியாமல் பிதற்றுவதுமான கடும் குழப்ப நிலை வரலாம். இது உயிரைப் பறிக்கக்கூடியது. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், பலமுறை நிறுத்தி மறுபடி தொடங்கியவர், வேறு உடல்நோய் உள்ளவர் ஆகியோர் மருத்துவமனையில் தங்கித்தான் நிறுத்த வேண்டும்.

இந்த வாரத்தில் மூளையைக் காப்பது தயாமின் எனப்படும் வைட்டமின் பி1. நெடுங்காலம் குடித்தவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் அவர் குடல் இந்தச் சத்தை நன்றாக உறிஞ்சுவதில்லை. இது மிகவும் குறைந்துபோகும்போது வரும் மூளைப் பாதிப்பை 1881-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்தார். குழப்பம், கண் அசைவில் கோளாறு, தள்ளாட்டம் ஆகியவை அதன் அடையாளங்கள். ஆனால் மூன்றும் சேர்ந்து தெரியாமலும் வரும். குடித்தவர் தள்ளாடுவது வழக்கந்தானே என்று விட்டுவிட்டால், புதிய எதையும் நினைவில் நிறுத்த முடியாத நிரந்தரக் கேட்டில் அது முடியக்கூடும். ரஷ்ய மருத்துவர் கோர்சகாஃபின் பெயரால் வழங்கும் நிலை அது.

நம் ஊரில் இதைச் சொல்லியாக வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. சோர்ந்து கிடப்பவரைப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள், தெம்பாகிவிடுவார்” என்று கேட்பது நம் பழக்கம். குளுக்கோஸை எரிக்க உடலுக்குத் தயாமின் தேவை. அது ஏற்கெனவே வற்றிப்போன ஒருவருக்கு வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், மிஞ்சியிருப்பதும் செலவாகி, வெர்னிக்கே பாதிப்பு வெளிப்படலாம். ஆகையால் அவர் குடிப்பவர் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி, குளுக்கோஸுக்கு முன்போ அதனுடனோ தயாமின் ஊசி தரப்படுகிறதா என்று கேளுங்கள். மானக்கேடு என்று நினைத்து இந்த ஒரு வரியைச் சொல்லாமல் விடுவதன் விலை மிகப் பெரியது.

எது பழுதுபடுகிறது, எவ்வளவு காலத்தில் தேறுகிறது

மது அதிகம் தாக்குவது மூளையின் முன்பகுதியையும், பின்னால் உள்ள சிறுமூளையையும், அவற்றை இணைக்கும் பாதைகளையும். திட்டமிடுவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றுவது, தோன்றியதை உடனே செய்யாமல் அடக்குவது, சொன்னதைச் சற்று நேரம் மனத்தில் ஏந்தி வைப்பது, நாளை செய்ய வேண்டியதை நாளைக்குச் சரியாக நினைவுகூர்வது ஆகியவை குறைகின்றன. பேச்சுவன்மை, சொல்வளம், பழைய நினைவுகள், கற்ற தொழில் ஆகியவை பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. குடும்பத்தை ஏமாற்றுவது இந்த வேறுபாடுதான். இருபது ஆண்டுக்கு முன் நடந்த கல்யாணத்தின் பந்தியை வரிசையாகச் சொல்பவர், காலையில் சொன்ன வேலையை மறந்தேன் என்றால் அது பொய் என்றே தோன்றும். பெரும்பாலும் அது பொய்யில்லை.

நல்ல செய்தியும் உண்டு. குடியை நிறுத்தியவர்களின் சுருங்கிய மூளை ஓரளவு மீண்டும் பருமனடைவதை, கனடாவின் டொரன்டோ நகர ஆய்வாளர்கள் 1978-இல் சி.டி. ஸ்கேன் படங்களைக் கொண்டு காட்டினார்கள். பின்னால் வந்த எம்.ஆர்.ஐ. ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தின. தேறுதல் முதல் சில வாரங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது. கவனமும் தெளிவும் முதலில் திரும்பும். திட்டமிடுதலும் இடத்தையும் வடிவத்தையும் கணிக்கும் திறனும் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். வயது, ஊட்டக்குறைவு, தலையில் பட்ட அடிகள், கல்லீரல் நோய், புகைப்பழக்கம் ஆகியவை இதைத் தாமதப்படுத்துகின்றன. எல்லோருக்கும் முழுமையாகத் திரும்பும் என்று வாக்களிக்க முடியாது.

அறிதிறனை அளந்து பார்க்க விரும்பினால் முதல் இரண்டு வாரங்களில் வேண்டாம். குடியை நிறுத்தியதும் வரும் நடுக்கம், குழப்பம் போன்ற விலகல் நோயும் அதற்குத் தந்த மருந்துகளின் மயக்கமும் அடங்கட்டும். அதன் பிறகு, மான்ட்ரியல் அறிதிறன் மதிப்பீடு எனப்படும் 30 மதிப்பெண் சோதனையைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் செய்யலாம். தமிழிலும் அது கிடைக்கிறது. குறைந்த பள்ளிப்படிப்பு உள்ளவருக்கு மதிப்பெண் இயல்பாகவே குறையும் என்பதால், ஒரே எண்ணை வைத்து யாரும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அவருடைய எந்தத் திறன் தளர்ந்திருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று உளவியலாளரிடம் கேட்டறிந்தால், வீட்டில் எதற்கு உதவி தேவை, எதில் தலையிடத் தேவையில்லை என்பது தெளிவாகும்.

நினைவை வெளியே வையுங்கள்

ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அது எப்போதும் ஒரே இடத்தில், ஒரு பேனாவோடு, கட்டப்பட்டுக்கூட இருக்கலாம். அன்றைய நாளின் நான்கைந்து வேலைகளை, நேரத்தோடு, காலையில் அவர் கையாலேயே எழுதச் செய்யுங்கள். முடித்ததை அவரே அடிக்கட்டும். நாம் எழுதிக் கொடுத்தால் அது உத்தரவாகிவிடும். மாத்திரைகளுக்கு ஏழு நாள் அறைகள் கொண்ட பெட்டி வாங்கி, வாரத்தில் ஒரு நாள் இருவராகச் சேர்ந்து நிரப்புங்கள். மருத்துவமனைக்குப் போகும் தேதி சுவர் நாட்காட்டியிலும் கைப்பேசி மணியிலும் இருக்கட்டும்.

ஒரு நேரத்தில் ஒரு செய்தியைச் சொல்லுங்கள். “பால் வாங்கிக்கொண்டு, வரும் வழியில் கரண்ட் பில் கட்டிவிட்டு, மாமாவிடம் அந்தப் பணத்தையும் கேட்டுவிடுங்கள்” என்பது மூன்று வேலைகள். அவற்றில் ஒன்று நிச்சயம் விழும். விழுந்ததும் திட்டு விழும். திட்டு விழுந்ததும் பழைய ஆறுதலை மனம் தேடும். மறந்துபோனதைச் சோதிக்கும் கேள்விகளையும் விட்டுவிடுங்கள். “நேற்று என்ன சொன்னேன், சொல்லுங்கள் பார்ப்போம்” என்று கேட்டால் அவர் ஊகித்துத் தவறாகச் சொல்வார். நினைவு பலவீனமாக உள்ளவரிடம் அந்தத் தவறே பதிந்துவிடும். நாமே சரியான விடையைச் சொல்லி, அவரை ஒருமுறை திரும்பச் சொல்ல வைத்து, கால் மணி நேரம் கழித்தும் மாலையிலும் மறுநாளும் அதே செய்தியை மீண்டும் தொடுவதே பயன் தரும். ஆலோசகரிடமும் தயங்காமல் கேளுங்கள்: அமர்வு சுருக்கமாக இருக்கட்டும், முடிவில் இரண்டே வரிகளை நோட்டில் எழுதித் தரட்டும். ஒரு மணி நேரம் அறிவுரை கேட்டு, “ஆமாம் சார்” என்று தலையாட்டி, வாசலைத் தாண்டும்போது எல்லாம் மறந்துபோன பலரை அந்த மாதங்களில் மருத்துவமனைப் பெஞ்சுகளில் பார்த்தேன்.

நிலம் விற்பது, புதுத் தொழில் தொடங்குவது, கடனுக்கு ஜாமீன் போடுவது போன்ற முடிவுகளை முதல் சில மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள். உயரத்தில் ஏறும் வேலை, வெட்டும் இயந்திரம், கனரக வண்டி ஆகியவற்றுக்குத் திரும்புவதற்கு முன் மருத்துவரின் ஒப்புதல் அவசியம்.

‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’

“குடிக்க மாட்டேன்” என்பது ஒரு விருப்பம். அதில் செய்வதற்கு எதுவும் இல்லை. அடக்கும் திறன் தளர்ந்திருக்கும்போது, அடக்குவதை மட்டுமே நம்பிய திட்டம் முதலில் உடையும். மாறாக, குறிப்பிட்ட ஒரு சூழலையும் அங்கே செய்யப்போகும் குறிப்பிட்ட ஒரு செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால், அந்தச் சூழல் வந்ததும் அதிகம் யோசிக்காமலே செயல் எழுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் விரிவாக எழுதினார். தேறிவரும் மூளைக்கு இந்த முறை மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. நாங்கள் முயன்றவற்றில் அதிகம் உதவியதும் இதுவே.

அண்ணன் எழுதியவற்றில் சில: “வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், கடைவீதிப் பக்கம் திரும்பாமல் குளத்துத் தெரு வழியாக வருவேன்.” “சம்பளம் வந்த குறுஞ்செய்தி வந்தால், கேன்டீனில் உட்கார்ந்தே பணத்தைத் தம்பிக்கு அனுப்பிவிடுவேன்.” “குமாருடைய போன் வந்தால், எடுக்காமல் வீட்டுக்கு வந்து என் மனைவி முன்னால் திருப்பிக் கூப்பிடுவேன்.” அந்த நண்பரின் பெயரை இங்கே மாற்றியிருக்கிறேன். எழுதிய வழியில் அவரோடு நானும் நான்கு நாள் நடந்தேன். இந்த நடைப் பயிற்சியை விடாதீர்கள். காகிதத்தில் மட்டும் இருக்கும் தெரு காலுக்குத் தெரியாது. ஒரே நேரத்தில் மூன்று, மிஞ்சினால் நான்கு திட்டங்களுக்கு மேல் வேண்டாம். டாஸ்மாக் கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகின்றன. ஆகையால் அந்தப் பத்து மணி நேரத்தில் அவர் எங்கே, யாரோடு, கையில் எவ்வளவு பணத்தோடு இருப்பார் என்பதே திட்டத்தின் உயிர். கைப்பேசியில் பணம் செலுத்தும் வசதி இருக்கும்போது பணப்பையைக் காலியாக வைத்துப் பயனில்லை. அந்தக் கணக்கில் சிறு தொகை மட்டும் வைக்க அவரே ஒப்ப வேண்டும். பிடுங்கி வைத்தால் அது காவலாகிவிடும்.

கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் தனித் திட்டம் தேவை. துக்க வீட்டில், சுடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகான இரண்டு மணி நேரம் நம் ஊரில் பெரும்பாலும் குடிக்கும் நேரம். மாலை போட்டு, குடும்பத்தாரிடம் சொல்லிக்கொண்டு, உடன் வந்தவரோடு அங்கிருந்தே வீடு திரும்புவது என்று முதலிலேயே முடிவாகட்டும். முதல் ஆறு மாதங்களில் போகாமலே விடுவதிலும் குற்றமில்லை.

வேட்கை எழும்போது அது ஏறிக்கொண்டே போகும் என்று தோன்றும். அது அலை போல ஏறி, உச்சம் தொட்டு, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், அதை எதிர்த்துப் போராடாமல், உடலில் எங்கே தெரிகிறது என்று கவனித்தபடி அது கடந்துபோகக் காத்திருக்கப் பழக்கினார். முதல் மாதங்களில் வெறுமனே கவனிப்பது கடினம்; கூடவே வயிற்றுக்கு ஏதாவது கொடுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் வேட்கையைத் தூண்டுபவை என்று மீட்சிக் குழுக்களில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மாலை ஐந்தரை மணிச் சுண்டல் பல அறிவுரைகளைவிட அதிகம் சாதித்தது.

மூளைப் பயிற்சி விளையாட்டுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். திரையில் தெரியும் மதுப் படங்களை ஜாய்ஸ்டிக் என்ற கைப்பிடியால் தள்ளிவிடும் கணினிப் பயிற்சியை வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துச் செய்தவர்களில், ஓராண்டுக்குப் பின் மீண்டும் குடித்தவர்கள் குறைவு என்று உளவியலாளர் ராய்னவுட் வியர்ஸும் உடன் ஆய்வாளர்களும் ஜெர்மனியின் ஒரு மருத்துவமனையில் நடத்திய ஆய்வை 2011-இல் வெளியிட்டார்கள். அது சிகிச்சையோடு சேர்ந்த பயிற்சி. கைப்பேசியில் கட்டங்களைப் பொருத்தும் விளையாட்டு, கட்டங்களைப் பொருத்தத்தான் கற்றுத் தரும். அதைக் கொண்டு குடியை வெல்லலாம் என்று நம்பிச் சிகிச்சையைக் கைவிட வேண்டாம்.

முகமும் குரலும்

நெடுங்காலம் குடித்தவர்களுக்குப் பிறர் முகத்தில் உள்ள உணர்ச்சியைச் சரியாகப் படிக்கும் திறன் குறைகிறது. கவலையையும் களைப்பையும் கோபமாக எடுத்துக்கொள்வதுண்டு. அண்ணி அடுப்படியில் மௌனமாக இருந்தால் தன்னை வெறுக்கிறாள் என்று அண்ணன் முடிவு செய்துவிடுவார். இதற்கு வழி எளிது, ஆனால் பழக நாளாகும்: முகத்தைப் படிக்க விடாமல், சொல்லிவிடுங்கள். “எனக்குத் தலைவலி, உங்கள் மேல் கோபமில்லை.” கணக்கு வழக்கும் பழைய குறைகளும் காலை நேரத்துக்குப் போகட்டும், அந்தி சாய்ந்த பிறகு பேச வேண்டாம்.

மருந்தும் உணவும்

குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று விற்கப்படும் எதையும் வாங்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மருந்தைத் தின்றவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு நீடிக்கும். அதை விழுங்குபவர் அதன் விதியைப் புரிந்து நினைவில் வைத்திருக்க வேண்டும். நினைவு தளர்ந்தவருக்கு, அதுவும் அவர் அறியாமல் கொடுப்பது, அவரை ஆபத்தில் தள்ளுவதே ஆகும். சில இருமல் மருந்துகளிலும் தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களிலும் மது இருக்கிறது. டைசல்ஃபிராம் எடுப்பவர் மட்டுமல்லாமல், மீட்சியில் உள்ள எவரும் அவற்றைத் தவிர்க்க வேண்டும். வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் உள்ளன. அகாம்ப்ரோசேட்டை நாளுக்கு மூன்று வேளை எடுக்க வேண்டும். மறதி உள்ளவருக்கு அது எளிதல்ல என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், தேர்வு செய்யும்போது அவர் அதையும் கணக்கில் கொள்வார். தூக்கம் பல வாரங்கள் கெட்டிருக்கும்; அதற்காகத் தூக்க மாத்திரையைத் தாமே வாங்கிப் போடுவது இன்னொரு அடிமைத்தனத்துக்கு வாசல்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசியில் தயாமின் அதிகம் தங்குகிறது. பயறு, பருப்பு, வேர்க்கடலை, முட்டை சேரட்டும். மருத்துவர் தந்த வைட்டமின் மாத்திரைக்கு இவை மாற்றல்ல. நாள்தோறும் நடை, முடிந்தால் யாரோடாவது. புகையையும் விட முடிந்தால் மூளை இன்னும் நன்றாகத் தேறும்.

தேறாமல் மோசமானால்

சில வாரங்கள் குடிக்காமல் இருந்தும் குழப்பம் கூடுகிறது என்றால் காத்திருக்காதீர்கள். குடித்த காலத்தில் விழுந்து தலையில் பட்ட அடியால் மூளை உறைக்கு அடியில் ரத்தம் மெல்லக் கசிந்து, வாரக்கணக்கில் கழித்தும் வெளிப்படலாம். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, கையெழுத்து மாறுவது, நீட்டிய கைகள் படபடப்பது ஆகியவை கல்லீரல் நோய் மூளையைத் தொட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். மலச்சிக்கல் அதை மேலும் தூண்டும். நடக்காத ஒன்றை நடந்ததாகவே நம்பி, கூச்சமில்லாமல் விவரிப்பது கோர்சகாஃப் நிலையைக் காட்டலாம். இவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அதிலும் முதல் இரண்டைத் தாமதப்படுத்தக் கூடாது.

ஒருமுறை குடித்துவிட்டால்

“எல்லாம் போயிற்று, இனி எதற்கு அடக்குவது” என்ற எண்ணம்தான் ஒரு டம்ளரை ஒரு மாதமாக்குகிறது. எனவே அன்று பேசாதீர்கள். மறுநாள் தெளிந்ததும், எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு, அதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்பதை நோட்டில் எழுதுங்கள். இரண்டு நாள் போனால் அவருக்கே நினைவிருக்காது. திட்டம் எதுவும் இல்லாத எந்த இடத்தில் அது நடந்ததோ அங்கே ஒரு புதிய திட்டத்தைச் சேருங்கள். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடி மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு விலகலும் முந்தையதைவிடக் கடுமையாக வரக்கூடும்.

இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணிலும், போதை மீட்புக்கான 14446 என்ற எண்ணிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் 1935-இல் தொடங்கிய, குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவின் தமிழ்க் கூட்டங்கள் பல ஊர்களில் நடக்கின்றன. “இன்று மட்டும்” என்று அவர்கள் நாளைச் சிறிதாக வெட்டிக் கொடுப்பதும், அதே வாசகங்களைக் கூட்டந்தோறும் திரும்பப் படிப்பதும், நெடுந்தூரம் திட்டமிட முடியாத, ஒருமுறை கேட்டது தங்காத மூளைக்கு இயல்பாகவே பொருந்துகின்றன.

தெளிவு திரும்பியதும் இந்த ஊன்றுகோல்களை ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக, எளிதானதிலிருந்து தொடங்குங்கள்: முதலில் கைப்பேசி மணி, பிறகு காலை வேலைப் பட்டியல், அதன் பின் மாத்திரைப் பெட்டியை அவரே நிரப்புவது. ஏதாவது தவறினால் அதை மட்டும் திரும்ப வையுங்கள். கணக்கில் வைக்கும் பணமும் வீடு திரும்பும் தெருவும் கடைசியில் வர வேண்டும். அண்ணன் நோட்டுப் புத்தகத்தை ஒன்பதாம் மாதம் நிறுத்தினார்; குளத்துத் தெருவை இன்னும் மாற்றவில்லை.